மூக்கக்கா ஒண்ணும் சொல்லலையே

பிரசவ ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், சலவைக்கூடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை. சன்னல் கிடையாது. மேலே மூன்று மாடிகளின் அழுக்குத் துணியும் காலை பத்து மணிக்கு ஒரு தகரக் குழாய் வழியாகச் சறுக்கி வந்து அங்கே விழும். விழுந்த மூட்டைகளை அவிழ்த்து, ரத்தத் துணி ஒரு பக்கம், மலஜலத் துணி ஒரு பக்கம், வெறும் வியர்வைத் துணி ஒரு பக்கம் எனப் பிரித்துப் போட வேண்டும். பதினெட்டு வருடமாக அந்த வேலையைச் செய்தவளைத்தான் ஆஸ்பத்திரி முழுக்க மூக்கக்கா என்று கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

விரிப்பை உதறும்போதே, இது பிள்ளை பெற்று இரண்டாம் நாள், இது ஆறாம் நாள், இந்தத் தாய்க்குப் பால் பெருகி வழிகிறது என்று சொல்லிவிடுவாள். முதல் நாட்களின் ரத்தம் இரும்பு வாடை அடிக்கும். நாள் போகப் போக அது மட்டுப்பட்டு, ஈர மண்ணைப் போல ஆகும். பால் புளித்த வாடை வேறு, தையலில் தடவும் மருந்தின் வாடை வேறு. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. செய்கிற வேலையைக் கவனித்துச் செய்கிற யாருக்கும் வருகிற அறிவுதான். மரத்தைத் தட்டிப் பார்த்து உள்ளே செல் அரித்திருப்பதைச் சொல்லும் தச்சனைக் கைதேர்ந்தவன் என்கிறோம். துணியை உதறிப் பார்த்துச் சொன்ன பெண்ணுக்கு அந்த ஆஸ்பத்திரி முதலில் வைத்த பட்டம் ‘மோப்ப நாய்.’ மரியாதை வந்த பிறகுதான் அது மூக்கக்கா ஆனது. மரியாதை வர ஒருத்தி சாக வேண்டியிருந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை, சிசேரியன் வார்டு மூட்டையில் ஒரு விரிப்பு வந்தது. கறை பெரிதாக இல்லை. ஆனால் பூச்சாடியில் பல நாள் மாற்றாத தண்ணீரும் கெட்ட இறைச்சியும் சேர்ந்தது போல ஒரு வாடை. அதை எடுத்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் போனாள்.

“சார், இது சரியில்ல. மேல யாருக்கோ உள்ள அழுகுது. சொல்லி விடுங்க.”

“அழுக்குத் துணின்னா அழுக்கு வாடைதான் அடிக்கும். மகாராணிக்கு சென்ட் வாசனையா வேணும்?”

“எந்தப் படுக்கைன்னாவது கேளுங்க சார்.”

“மூட்டையில படுக்கை நம்பர் போட்டா அனுப்புறாங்க? இல்லல்ல? அப்ப போய்த் துவை.”

துவைத்தாள். புதன்கிழமையும் அதே வாடை வந்தது. வியாழக்கிழமை இன்னும் கெட்டியாக வந்தது. வெள்ளிக்கிழமை மூட்டைகள் எல்லாவற்றையும் அவிழ்த்துப் பார்த்தாள், வாடை இல்லை. “தேறிட்டா போலிருக்கு” என்று பக்கத்தில் இருந்த மெஷின்காரரிடம் சொன்னாள். சலவை இயந்திரத்தை ஓட்டுகிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். அன்று மதியம் அவள் வயிறாரச் சாப்பிட்டாள். அந்தச் சாப்பாட்டைப் பிறகு அவள் மன்னிக்கவே இல்லை.

அந்தப் பெண் தேறவில்லை. படுக்கை வேண்டும் என்று வியாழன் காலையிலேயே அவளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அடுத்த புதன்கிழமை அவசரப் பிரிவிலிருந்து கறுப்பு நாடா கட்டிய மூட்டை ஒன்று விழுந்தது. இறந்தவர்களின் துணியை அப்படித்தான் கட்டி அனுப்புவார்கள். முடிச்சை அவிழ்த்ததும் மூக்கக்காவுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. முகம் தெரியாது, பெயர் தெரியாது, எந்தப் படுக்கை என்றும் தெரியாது. ஆனால் அவளேதான்.

“வேளை வந்துடுச்சு, போயிட்டா” என்றார் சூப்பர்வைசர். வேளையாம்! மூன்று நாள் விடாமல் ஒரு சேதி தகரக் குழாய் வழியாக வந்துகொண்டிருந்தது. படித்தவர்கள் யாரும் அதை வாங்கிக்கொள்ளவில்லை. அதற்கு வேளை என்று பெயர் வைத்துவிட்டால் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு மூக்கக்கா சூப்பர்வைசரிடம் சொல்வதை விட்டாள். துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு நேரே படியேறி, தலைமை நர்ஸான பெரிய சிஸ்டரிடம் போனாள். ஏழு வருடத்தில் நான்கு முறை போனாள். மூன்று முறை அவள் சொன்னது சரியாக இருந்தது. வார்டு முழுக்கக் காய்ச்சல் பார்த்து ஆளைக் கண்டுபிடித்தார்கள், மருந்து ஏற்றினார்கள், மூன்று தாய்மார்களும் நடந்து வீட்டுக்குப் போனார்கள். அதோடு மேல்மாடிகளில் ஒரு பேச்சு வழக்கம் வந்தது.

“கீழேருந்து மூக்கக்கா ஏதாச்சும் சொன்னாங்களா?”

“ஒண்ணும் சொல்லல.”

“அப்ப கவலையில்ல.”

விளையாட்டாகத் தொடங்கிய பேச்சுதான். ஆனால் நாற்பது படுக்கைக்கு இரண்டு தெர்மாமீட்டர் வைத்திருக்கும் இடத்தில், விளையாட்டு மெல்ல நடைமுறையாகிவிடும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று சூப்பர்வைசர் ஒரு யோசனை சொன்னார். ப்ளீச்சையும் கறை எடுக்கும் ஆசிடையும் ஒரே தொட்டியில் ஊற்றச் சொன்னார். அந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று டப்பாவின் மேலேயே அச்சிட்டிருந்தது. மூக்கக்கா ஊற்றினாள். சன்னல் இல்லாத அறையில் மஞ்சளாக ஏதோ எழும்பியது. மெஷின்காரர் அவளை இடுப்பில் கை கொடுத்து வெளியே இழுத்துப் போட்டார். மூன்று நாள் இருமிக்கொண்டு கிடந்தாள். நான்காம் நாள் காபியை வாயருகே கொண்டுபோனபோது வெறும் வெந்நீர் போல இருந்தது. சோப்பை முகர்ந்தாள். தன் சட்டையின் கக்கத்தை முகர்ந்தாள். மண்ணெண்ணெய் டப்பாவைத் திறந்து முகத்தை அதற்குள் விட்டாள். ஒன்றும் இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. மூக்கு இல்லாத மூக்கக்கா என்றால் மறுபடியும் அழுக்குத் துணி பிரிக்கிற ஒருத்தி, அவ்வளவுதான். கறையின் நிறத்தைப் பார்த்து, விறைப்பை விரலால் தடவிப் பார்த்துப் பிரித்தாள். வாடையைத் தவிர மற்றதெல்லாம் கண்ணுக்குக் கிடைத்தது.

ஆனால் ஒரே ஒரு வாடை மட்டும் வரும். எப்போது என்று சொல்ல முடியாது. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது வரும். தலை சீவும்போது வரும். பூச்சாடித் தண்ணீரும் கெட்ட இறைச்சியும். சுற்றிலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அவளுக்கு மட்டும் தொண்டை வரை இறங்கும். காது போனவர்களுக்குக் காதுக்குள் இரைச்சல் கேட்பதைப் போல, நரம்பு கெட்ட மூக்கில் இல்லாத வாடை எழுவது உண்டு என்று எந்த மருத்துவரும் சொல்லியிருப்பார். அவள் எந்த மருத்துவரையும் கேட்கவில்லை. கறுப்பு நாடாக்காரி வந்து போகிறாள் என்றே நினைத்தாள்.

இந்த நிலையில்தான் தம்பி பெண்டாட்டிக்குப் பிள்ளை பிறந்தது.

மூக்கக்காவும் தம்பியும் ஒரே வீடு. இரண்டாவது மாடியில் மூன்று அறை. தம்பி மருந்துக் கடைகளுக்குச் சரக்குக் கொண்டுபோகும் வேன் ஓட்டினான். அவன் மனைவிக்குச் செருப்புக் கடையில் வேலை. வருகிறவர்களின் காலைப் பார்த்தே குணத்தைச் சொல்லிவிடுவேன் என்பாள். “உங்களுக்கு மூக்கு அண்ணி, எனக்குக் கண்ணு. இந்த வீட்ல உங்க தம்பிக்குத்தான் ஒண்ணும் இல்ல” என்று சிரிக்கும் வாய்க்காரி. குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கியதால் வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். பெண் குழந்தை. ஐந்தாம் நாள் தாயும் பிள்ளையும் மூக்கக்காவின் ஆஸ்பத்திரியிலிருந்தே வீட்டுக்கு வந்தார்கள்.

வரும்போது ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். ‘எச்சரிக்கை அறிகுறிகள்’ என்று தலைப்புப் போட்டு, பொடி எழுத்தில் ஒரு பக்கம். யாரும் அதை வாசித்து விளக்கவில்லை, கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்ததும், பால் கொடுத்த நேரத்தைக் குறிக்கத் தாள் தேடிய தம்பிக்கு அதன் வெறும் பின்பக்கம் வசதியாக இருந்தது. கோடு போட்டு, நேரம் எழுதி, கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டினான். அச்சடித்த பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தையல் நன்றாக ஆறியது. நூல் பிடித்த மாதிரி ஒரே கோடு, சிவப்பு இல்லை, கசிவு இல்லை. வந்தவர்கள் எல்லோரும் தையலைக் கேட்டார்கள், அவளும் தையலைச் சொன்னாள். எட்டாம் நாள் உடம்பு கொஞ்சம் சுட்டது. “பால் கட்டினா அப்படித்தான்” என்றான் தம்பி, இதற்கு முன் நாலு பிள்ளை பெற்றவன் போல. வலிக்குக் கொடுத்த மாத்திரையைப் போட்டால் சூடு இறங்கியது. மாத்திரையின் வேகம் குறைந்தால் ஏறியது. மாத்திரை வலியோடு காய்ச்சலையும் மறைத்துக்கொண்டிருந்தது யாருக்கும் தோன்றவில்லை.

பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை. மூக்கக்கா மதிய வேலை முடிந்து வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பிள்ளைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நாலு மணிக்குத் தம்பி உள்ளே நுழைந்தவன் வாசலிலேயே நின்றான்.

“என்ன, பவுடர் டப்பாவைக் கவுத்துட்டீங்களா? மூச்சு முட்டுது. எப்படித்தான் உள்ள உக்காந்திருக்கீங்களோ!”

தம்பி பெண்டாட்டி சட்டென்று சிரித்தாள். “உங்க பொண்ணு அழகா இருக்க வேணாமா?”

மூக்கக்காவின் கை நின்றது. ஒன்றரை மணி நேரமாக அந்த அறையில்தான் இருக்கிறாள். பவுடர் வாடை இருப்பதே இவன் சொல்லித்தான் தெரிகிறது. அலமாரியைப் பார்த்தாள். திங்கட்கிழமை வாங்கிய பெரிய டப்பா. எடுத்து ஆட்டிப் பார்த்தாள், காலி. குழந்தையின் கழுத்தைப் பார்த்தாள். ஒரு துளி வெள்ளை இல்லை. வெள்ளையெல்லாம் தாயின் விரிப்பில், மடிப்பு மடிப்பாக, சுவரோரம் வரை கிடந்தது. பதினெட்டு வருடம் விரிப்புகளைப் பார்த்த கண் அது. வாடையை மறைக்கத்தான் ஒருவர் இவ்வளவு பவுடர் கொட்டுவார். இந்த வீட்டில் யாருடைய மூக்குக்கு மறைக்க வேண்டும்?

“தம்பி, போய் அடுப்புல வெந்நி வை.”

“எதுக்கு?”

“வைன்னா வை.”

அவன் போனதும் கதவைச் சாத்தினாள்.

“பவுடர் யாருக்குடி?”

“பாப்பாவுக்குத்தான் அண்ணி.”

“பாப்பா மேல ஒரு பொட்டு இல்ல. உனக்கு வாடை வருதா?”

அவள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். “உங்களுக்குத் தெரியாதா என்ன?”

“நீ சொல்லு.”

“நாலு நாளா வருது. மொத நாளு கூச்சமா இருந்துச்சு, பவுடர் போட்டேன். ஆனா வீட்ல நீங்க இருக்கீங்க. எத்தனை போட்டாலும் உங்ககிட்ட மறைக்க முடியுமா? இப்ப சொல்லுவீங்க, அப்ப சொல்லுவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். பக்கத்துலயே உக்காந்து துணி மடிக்கிறீங்க, ஒண்ணும் சொல்லல. சரி, மூக்கக்காவே ஒண்ணும் சொல்லலையே, அப்ப இது எல்லாருக்கும் வர்றதுதான்னு விட்டுட்டேன்.”

மூக்கக்கா எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள்.

“எனக்கு மூக்கு செத்து ரெண்டு வருஷமாச்சு.”

“என்ன அண்ணி சொல்றீங்க?”

“ஒரு வாடையும் தெரியாது. யார்கிட்டயும் சொல்லல.”

“போன வாரம் பால் தீஞ்சு வீடெல்லாம் நாறிச்சு. நீங்க அடுப்புகிட்டயே நின்னீங்க…”

“ஆமா. நின்னேன்.”

தெர்மாமீட்டரை வைத்தாள். நூற்றொன்றரையைத் தாண்டி நின்றது, அதுவும் மதிய மாத்திரைக்குப் பிறகு. மணிக்கட்டைப் பிடித்தாள். துடிப்பு ஓடிக்கொண்டிருந்தது. தொப்புளுக்குக் கீழே இரண்டு விரலால் மெல்ல அழுத்தினாள். “அம்மா!” என்று அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்தாள்.

“உடம்பு நடுங்கிச்சா?”

“காலையில. ஃபேன் காத்துன்னு நினைச்சேன்.”

அப்போதுதான் மூக்கக்காவுக்கு அந்தத் தாள் ஞாபகம் வந்தது. சுவரிலிருந்து பிய்த்துத் திருப்பினாள். மூலைகளில் சுண்ணாம்பு ஒட்டி வந்தது. காய்ச்சல், குளிர் நடுக்கம், துர்நாற்றமுள்ள கசிவு, அடிவயிற்றில் தொட்டால் வலி, தையலில் சீழ், ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத் திணறல், மார்பு வலி, விடாத தலைவலி, மணிக்கு ஒரு நாப்கின் முழுதாக நனையும் ரத்தப்போக்கு. கடைசி வரி மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே வரவும். ஒன்று இருந்தாலும்! இங்கே நான்கு இருந்தன. காய்ச்சல் இருந்த நான்கு நாளும் அந்தத் தாள் அவள் தலைக்கு ஒரு முழம் மேலே இருந்தது.

கதவைத் திறந்து தம்பியைக் கூப்பிட்டாள். “வேனை எடு.”

“இப்பவா? வேன் நிறைய சரக்கு இருக்குக்கா. காலையில போலாம்.”

“சரக்கை இறக்கு.”

“அக்கா, தையல் நல்லாத்தான இருக்கு? உனக்கு அந்தச் செத்துப்போனவ நினைப்பு. எதைப் பார்த்தாலும் உனக்கு அவதான் தெரியுறா.”

சரியாக அப்போது அந்த வாடை வந்தது. பூச்சாடித் தண்ணீர், கெட்ட இறைச்சி. அவள் ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டாள். அது கட்டிலிலிருந்து வருகிறதா, ஒன்பது வருடத்துக்கு முந்தைய அந்த அறையிலிருந்து வருகிறதா என்று அவளால் சொல்ல முடியாது. அதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

“அவளை விடு. இதைப் பாரு” என்று தெர்மாமீட்டரை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். “ஊருக்கெல்லாம் மருந்து சுமக்கிறவன்தானே நீ? உன் பெண்டாட்டிக்கு நாளைக்குத்தான் நேரமா?”

அவன் படியிறங்கி ஓடினான். பெட்டிகளைக் கீழ்வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வந்தான்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் தையலைப் பார்த்தார். “அழகா ஆறியிருக்கே. பால் கட்டியிருக்கும்.”

“பால் கட்டல டாக்டர். மார்பு மெத்துன்னு இருக்கு, பிள்ளை நல்லா குடிக்குது. நாலு நாளா காய்ச்சல். மாத்திரை போட்டும் நூத்தி ஒண்ணரைக்கு மேல. காலையில நடுக்கம். கீழ்வயித்தைத் தொட விடல. கசிவுல துர்நாற்றம்.” ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினாள். நான்காவதை மடக்கிய பிறகு கையை இறக்கவில்லை.

பெரிய சிஸ்டர் அந்தப் பக்கமாக வந்தவர் நின்றார். “டாக்டர், மூக்கக்கா சொன்னா சரியா இருக்கும்.”

“மூக்கு சொல்லல சிஸ்டர். இவளே சொன்னா, தெர்மாமீட்டர் சொன்னுச்சு. எனக்கு மூக்கு போயி ரெண்டு வருஷம்.”

பெரிய சிஸ்டர் அவள் பக்கம் திரும்பினார். “ரெண்டு வருஷமா?” என்றார். பிறகு, மெதுவாக, “ரெண்டு வருஷமா நீங்க ஒண்ணும் சொல்லலைன்னு நாங்க…”

பாதியில் நிறுத்திவிட்டுக் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தார்.

கருப்பையில் தொற்று. நஞ்சுக்கொடியின் துணுக்கு ஒன்று உள்ளேயே தங்கியிருந்தது. அதை எடுத்து, நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். இரண்டு நாள் தாமதித்திருந்தால் ரத்தத்தில் கலந்திருக்கும் என்றார் அதே டாக்டர். மறுபடி சேர்த்த ஏழாம் நாள் தம்பி பெண்டாட்டி எழுந்து உட்கார்ந்து, டாக்டரின் செருப்பைப் பார்த்து, “ஒரு சைஸ் சின்னதா போட்டிருக்காரு, அதான் இத்தனை அவசரம்” என்றாள். அன்றுதான் தம்பி அழுதான்.

மூக்கக்கா அழவில்லை. அவள் பெரிய சிஸ்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். “அந்த ரெண்டு வருஷத்துல, வீட்டுக்குப் போயி திரும்ப வந்தவங்க எத்தனை பேர்? வராமலே போனவங்க எத்தனை பேர்?”

பதிவேட்டைக் காட்டினார்கள். அதில் சேர்த்த தேதி இருந்தது, அனுப்பிய தேதி இருந்தது. அனுப்பிய பிறகு என்ன ஆனது என்று எழுத அதில் இடமே போடவில்லை. கறுப்பு நாடா மூட்டைகள் அந்த இரண்டு வருடத்திலும் விழுந்திருந்தன. அவளே அவிழ்த்திருந்தாள், ஒன்றும் தெரியாமல்.

அடுத்த மாதத்திலிருந்து வெறுமனே மூட்டை கட்டாமல், விரிப்புக்கு விரிப்பு படுக்கை நம்பர் எழுதிய துணிச்சீட்டு குத்தி அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. பெரிய சிஸ்டர் போட்டது. வார்டு ஆட்கள் முணுமுணுத்தார்கள். கீழே முகர்ந்து பார்ப்பது மெஷின்காரரின் பொறுப்பு ஆயிற்று.

“எனக்கு மூக்கு போனது உங்களுக்கு எப்படித் தெரியாமப் போச்சு?” என்று அவரை மூக்கக்கா கேட்டாள்.

“யாரு சொன்னா தெரியாதுன்னு? போன வருஷம் என் சாப்பாடு ஊசிப்போச்சுன்னு கொட்டப் போனேன். வீணாக்காதீங்கன்னு வாங்கி ரெண்டு வாய் சாப்பிட்டியே, அன்னிக்கே தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“நீ சொல்லுவேன்னு இருந்தேன்” என்றார். சொன்ன பிறகு அவரும் தலையைக் குனிந்துகொண்டார்.

ஒரு திங்கட்கிழமை காலை அவர் ஒரு விரிப்பை எடுத்துவிட்டு முகத்தைத் திருப்பினார். மறுபடியும் கிட்டே கொண்டுபோனார். “இது சரியில்ல” என்றார். மூக்கக்கா சீட்டைப் பார்த்தாள். சிசேரியன் வார்டு, படுக்கை பதினான்கு.

விரிப்பைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியேறினாள். பாதிப் படியில் அந்த வாடை வந்தது. இது கையில் இருப்பதன் வாடையாக இருக்க முடியாது, அவளுக்கு அது தெரியும். யாரோ ஒருத்தி அவளுக்குப் பின்னாலேயே ஏறி வருவது போல இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. மேலே போய், பதினான்காம் படுக்கையில் கிடந்த பெண்ணின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஏம்மா, வாடை வருதா? எத்தனை நாளா?” என்று கேட்டாள். அந்தப் பெண் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பினாள். மூக்கக்கா எழுந்திருக்கவில்லை. அவள் திரும்பும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.